ஹிட்லரை வீழ்த்தியதில் பங்கு கேட்ட சிப்பாய்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும், எந்தப் புத்தகத்தை மொழிபெயர்க்கலாம் என்று முடிவு செய்கிற ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவரிடம் ஒரு புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். யார் என்பது இங்கே வேண்டாம். அட்டையைப் பார்த்தார், நாலு பக்கம் புரட்டினார், "இது போர்ப் புத்தகமா, காமெடிப் புத்தகமா? எந்த அலமாரியில வைக்கிறது சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு அந்த நேரத்தில் பதில் வரவில்லை. மாடிப்படி இறங்கும்போதுதான் வந்தது. திரும்பி ஏறிப் போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்ததால், உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

புத்தகத்தை எழுதியவர் ஸ்பைக் மில்லிகன். 1951 முதல் 1960 வரை பிபிசி வானொலியில் 'கூன் ஷோ' என்ற நிகழ்ச்சியை எழுதியும் நடித்தும் பிரிட்டனைச் சிரிக்க வைத்தவர். அதற்கு முன்னால் அவர் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாய், எண் 954024. இரண்டாம் உலகப் போரில் தான் பட்ட பாட்டை 1971இல் எழுத ஆரம்பித்தார். முதல் தொகுதியின் பெயரைத் தமிழில் சொன்னால், 'அடால்ஃப் ஹிட்லர்: அவர் வீழ்ச்சியில் என் பங்கு'.

முதல் சிரிப்பு இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. போர் முடிந்ததும் தளபதிகளும் மந்திரிகளும் வரிசையாக உட்கார்ந்து நினைவுகளை எழுதித் தள்ளினார்கள். சர்ச்சில் ஆறு தொகுதி எழுதினார். 1953இல் இலக்கிய நோபலும் வாங்கிக்கொண்டார். பெரியவர்கள் எல்லாரும் வெற்றியைப் பாகம் பிரித்து எடுத்துக்கொண்ட பிறகு, கடைசித் தம்பி வந்து "அண்ணே, என் பங்கு?" என்று கேட்கிற மாதிரிதான் மில்லிகன் வருகிறார். மூன்று தொகுதி என்று ஆரம்பித்தது 1991இல் ஏழில் போய் நின்றது. சர்ச்சிலைவிட ஒன்று அதிகம்.

இனி பீரங்கிக்கு வருவோம். புத்தகம் எனக்குப் பிடித்துப்போனது அங்கேதான்.

1940 ஜூன் 2ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்கடற்கரையில் பெக்ஸ்ஹில் என்ற ஊரில் முகாமிட்டிருந்த 56ஆவது கனரகப் பீரங்கி ரெஜிமெண்டில் வந்து சேர்கிறார் மில்லிகன். வயது 22. அந்தத் தேதியைக் கவனியுங்கள். எதிர்க்கரையில் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து, பின்வாங்கும் பிரிட்டிஷ் படை இன்னும் கப்பலேறிக்கொண்டிருக்கிறது; ஜூன் 4 வரை அது ஓயவில்லை. ஆட்களைக் கொண்டுவந்தார்கள், பீரங்கிகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அடுத்து ஹிட்லர் இந்தக் கரைக்குத்தான் வருவார் என்று நாடே நம்புகிறது. அப்படி வந்தால் தடுப்பதற்கு மில்லிகனின் ஆட்களிடம் இருந்தது 9.2 அங்குல ஹவிட்சர், முதல் உலகப் போரின் மிச்சம். அந்தப் பீரங்கியின் சங்கதியே தனி. சுடும்போது அது எகிறிக் குதிக்காமல் இருக்க முன்னால் ஒரு பெரிய பெட்டி உண்டு. அதில் ஒன்பது டன் மண்ணைக் கொட்டி நிரப்ப வேண்டும். எதிரி வந்து இறங்கிய பிறகு மண்வெட்டியைத் தேட வேண்டியதுதான்.

சரி, மண் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது. குண்டு இல்லை. பயிற்சியை நிறுத்த முடியுமா? ராணுவமாயிற்றே. எனவே குறி பார்ப்பது, திறப்பது, மூடுவது எல்லாம் முறைப்படி நடக்கும், "சுடு!" என்று உத்தரவு வந்ததும் பீரங்கியைச் சுற்றி நிற்கும் ஆட்கள் ஒரே குரலில் வாயால் வெடிப்பார்கள். ஆங்கிலத்தில் "பேங்!" தமிழில் "டுமீல்!" என்று எழுதிப் பார்த்தேன். பீரங்கிக்கு அது பொடிசாக இருந்தது. "டமார்!" என்றால் பாத்திரம் விழுந்த மாதிரி இருந்தது. பிறகு எனக்கே உறைத்தது: பொடிசாக இருக்க வேண்டும் என்பதுதானே விஷயம். வளர்ந்த ஆண்கள் காக்கி உடுப்பில் விறைப்பாக நின்று, கடலைப் பார்த்து "டுமீல்!" என்று கத்துகிறார்கள். ஒரு பேரரசின் அன்றைய நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வரலாற்றாசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை.

பின்னால் 7.2 அங்குல ஹவிட்சர் வந்தது. இதற்குக் குண்டும் உண்டு, ஒன்று தொண்ணூறு கிலோவுக்கு மேல். 1943இல் இதைக் கொண்டுபோய் வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்டார்கள். இந்தப் பீரங்கிக்கு ஒரு கெட்ட குணம்: சுட்டதும் பின்னால் உதைத்துக்கொண்டு ஓடும். அதைத் தடுக்கச் சக்கரத்துக்குப் பின்னால் சரிவான முட்டுக்கட்டைகளை வைப்பார்கள். சக்கரம் சரிவில் ஏறித் திரும்ப உருண்டு தன் இடத்துக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. சில நேரம் கட்டையைத் தாண்டியே போய்விடும். துனீசியாவில் ஒரு நாள் அப்படித்தான் ஒன்று மலை விளிம்பிலிருந்து கீழே போய் விழுந்தது. கீழே ஒரு சிறிய வயர்லெஸ் வண்டி. அதற்குள் ஹாரி சீகோம்ப் என்ற இன்னொரு பீரங்கிப் படைச் சிப்பாய். வானத்திலிருந்து ஏதோ பூதம் விழுந்த மாதிரி சத்தம். எல்லாரும் அலறி முடிப்பதற்குள் வண்டியின் திரையை விலக்கிக்கொண்டு ஹெல்மெட் போட்ட ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது.

"இந்தப் பக்கம் ஒரு பீரங்கி வந்துச்சா?"

"என்ன கலர்?"

எட்டிப் பார்த்தவர் மில்லிகன். பின்னாளில் கூன் ஷோவில் சேர்ந்து நடித்த இருவருக்கும் முதல் பழக்கம் இப்படித்தான் ஆனது. இதை மொழிபெயர்க்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. காணாமல் போன மாட்டைத் தேடி வருகிறவன் கேட்கிற கேள்வி இது, திண்ணையில் இருப்பவன் சொல்கிற பதில் இது. வெள்ளைக்காரன் ஜோக் நமக்கு எடுபடாது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வரியை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

இவ்வளவு மட்டும் இருந்தால் அலமாரிக் கேள்வியே எழாது. காமெடி அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் நான்காம் தொகுதி இருக்கிறது.

1944 ஜனவரி. இத்தாலி, மோன்டே கசினோ சண்டை தொடங்கிய மாதம். மலைமேல் இருக்கும் கண்காணிப்பு நிலைக்குப் போகும் வழியில் மோர்ட்டார் குண்டுகள் விழுகின்றன. மில்லிகனுக்கு வலது காலில் காயம். காலை விடுங்கள், அது ஆறிவிடும். அவருக்கு அழுகை நிற்கவில்லை, நடுக்கம் நிற்கவில்லை. சிகிச்சைக்குப் பிறகு திரும்பவும் பீரங்கிகள் பக்கமே அனுப்புகிறார்கள். தன் பக்கத்துப் பீரங்கி வெடித்தாலே ஆள் துள்ளி விழுகிறார், பேச்சு திக்குகிறது. மேலதிகாரிக்கு இது கோழைத்தனமாகத் தெரிகிறது. லான்ஸ் பம்பார்டியர் என்ற ஒற்றைப் பட்டையைப் பிடுங்கி, மறுபடி வெறும் சிப்பாய் ஆக்குகிறார். அதோடு தன் பேட்டரியை (ரெஜிமெண்டுக்குள் சில பீரங்கிகளும் அவற்றின் ஆட்களும் சேர்ந்த பிரிவு) விட்டே மில்லிகன் வெளியேற வேண்டியதாகிறது. மூன்று வருஷமாகக் கூடவே படுத்து எழுந்து, டீயைப் பங்குபோட்டு, ஜாஸ் வாசித்த நண்பர்கள் எல்லாரும் அங்கே. இவர் மட்டும் மருத்துவமனை, முகாம், எழுத்தர் வேலை என்று வேறு திசையில்.

இந்தப் பக்கங்களிலும் ஜோக் இருக்கிறது. ஆனால் வாக்கியம் சுருங்கிவிடுகிறது. முன்பு ஒரு பக்கத்துக்கு ஓடும் கேலி, இங்கே அரை வரியில் வந்து நின்றுவிடும். அடுத்த வரியில் தேதி. படிக்கிறவனுக்குச் சிரிப்பு வரும், ஆனால் வாயைத் திறந்தபடி அப்படியே இருப்பான்.

அன்றைக்கு ஆரம்பித்தது வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பலமுறை மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தார். 1993இல் மனநல மருத்துவர் அந்தோணி கிளேருடன் சேர்ந்து மனச்சோர்வைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். கூன் ஷோவைக் கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று வெடித்துக்கொண்டே இருக்கும். பெக்ஸ்ஹில்லில் குண்டு இல்லாமல் வாயால் வெடித்த ஆள், நிஜ குண்டில் உடைந்துபோய், பிறகு வாராவாரம் வானொலியில் அதை ஒலிக்குறிப்பாக எழுதுகிறார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: முதல் நான்கு தொகுதிகளையாவது ஒரே திட்டமாக எடுங்கள். முதல் தொகுதியை மட்டும் 'சிரிக்கச் சிரிக்க ஒரு போர்' என்று மஞ்சள் அட்டையில் போட்டு, விற்றால் பார்க்கலாம் என்று நிறுத்திவிடாதீர்கள். "டுமீல்!" என்று கத்தியவரையும் நடுங்கியவரையும் இரண்டு அலமாரியில் பிரித்து வைத்தால் இரண்டு பேருமே போய்விடுவார்கள். (என் பரிந்துரை போர் அலமாரி. காமெடி தேடி வருகிறவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்.)

போரை வைத்துச் சிரிப்பதா என்று முகம் சுளிப்பார்கள் என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. கலிங்கத்துப்பரணியைப் படித்த மொழிக்கு இந்தப் பயம் எதற்கு? தோற்று ஓடும் கலிங்க வீரர்கள் வில்லின் நாணைப் பூணூலாக மாட்டிக்கொண்டு, "கங்கையில் குளிக்க வந்து மாட்டிக்கொண்டோம்" என்று கதை விடுகிறார்கள். இடுப்புத் துணி உருவப்பட்டவர்கள் "நாங்கள் அமணர்" (ஆடை உடுத்தாத சமணத் துறவிகள்) என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். 'அரைக்கலிங்கம் உரிப்புண்ட கலிங்கர்' என்று துணிக்கும் நாட்டுக்கும் சேர்த்துச் சிலேடை வேறு போடுகிறார் செயங்கொண்டார். பிறகு பேய்கள் களத்திலேயே கூழ் காய்ச்சிப் பரிமாறுகின்றன. இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை எடுத்து, "அவன் பெரிய எம்டன்பா" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு வைத்தவர்கள் நாம்.

ஆனால் பரணியில் சிரிப்பு ஜெயித்தவனுடையது, தோற்றவனைப் பார்த்து. மில்லிகன் ஜெயித்த படையில் இருந்துகொண்டு சொந்தப் படையைப் பார்த்துச் சிரிக்கிறார், அதிலும் முதலில் தன்னைப் பார்த்து. தமிழில் நமக்குக் குறைவாக இருப்பது அந்தச் சிரிப்புதான். பட்டாளத்துக்காரர் என்றாலே மீசையும் வீரமும் என்றுதானே நம் கதைகளில் வருகிறார்?

அதே குளிர்காலத்தில் அதே இத்தாலியில் நம்மவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மில்லிகன் காயப்பட்டு ஒரு மாதம் கழித்து, 1944 பிப்ரவரி 24 அன்று, மிஞ்ஞானோ அருகே மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். பிரிட்டனின் உயரிய வீர விருதுகளில் ஒன்றான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். விருதுக் குறிப்பில் அந்தக் கடைசி நொடிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய நாள் மழையில் பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்ததா, டீ சூடாகக் கிடைத்ததா, கூடாரத்தில் யார் யாரைக் கிண்டல் செய்தார்கள் என்பதெல்லாம் விருதுக் குறிப்பில் வராது. மில்லிகனின் பக்கங்களில் வருகிறது. அந்தச் சேற்றை, அந்த மலையை, அந்த அலுப்பைத் தமிழில் படிக்க நமக்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சில வார்த்தைகள். மில்லிகன் பிறந்தது 1918இல் அகமத்நகரில். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த அயர்லாந்துக்காரர். பிள்ளை வளர்ந்தது பூனாவிலும் ரங்கூனிலும். அந்த ராணுவத்தின் கொச்சையே பாதி நம் பக்கத்துச் சரக்கு. டீக்கு 'சார்', சுகமான வேலைக்கு 'குஷி', சொந்த நாட்டுக்கு 'பிளைட்டி' (விலாயத்தி திரிந்தது), புத்தி பேதலித்தவனுக்கு 'டூலாலி'. கடைசிச் சொல் நாசிக் பக்கத்துத் தேவ்லாலி முகாமின் பெயர்தான். ஊருக்குத் திரும்பக் கப்பலை எதிர்பார்த்து அங்கேயே கிடந்து சிப்பாய்களுக்கு மண்டை கலங்கிப்போன கதை அது. இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவருவது பிற மொழிக்காரர்களுக்கு இருக்கும் அளவு கஷ்டமில்லை.

கஷ்டம் வேறு இடங்களில். நமக்குப் பேச்சில் பெரும்பாலும் 'குண்டு' என்ற ஒரே சொல்தான்: துப்பாக்கியில் போவதும் அதுதான், பீரங்கியில் போவதும் அதுதான், விமானத்திலிருந்து விழுவதும் அதுதான், உடல் பருத்தவரும் அதுதான். இதில் நாலு ஜோக்கை இழப்போம், ஆனால் ஆங்கிலத்தில் இல்லாத இரண்டை லாபமாகப் பெறலாம். 'பேட்டரி' என்று எழுதினால் வாசகர் டார்ச் லைட்டை நினைப்பார். 'பீரங்கி அணி' என்று எழுதினால் பரேடு பேச்சு மேடைப் பேச்சாகிவிடும். நான் பேட்டரி என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் ஒரு சிப்பாயை விட்டுக் குழம்ப வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

கெட்ட வார்த்தைகளுக்கு மூன்று புள்ளி வைக்காதீர்கள், தயவுசெய்து. இருபது வயசுப் பையன்கள் கும்பலாக ஒரு கொட்டகையில் படுத்திருக்கிறார்கள். அவர்கள் "அடப் பாவி" என்று திட்டிக்கொண்டால் யாரும் நம்பப்போவதில்லை. அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை. அரபிகளையும் கறுப்பின மக்களையும் பற்றி அவர் போகிறபோக்கில் எழுதும் சில வரிகள் அன்றைய காலனிப் பிள்ளையின் வாய். எனக்கு அங்கே சிரிப்பு வரவில்லை. வெட்டாமல் போடுங்கள், ஆனால் முன்னுரையில் மழுப்பாமல் சொல்லுங்கள்.

வடிவத்திலும் கை வைக்க வேண்டாம். பழைய போர்ப் படங்களுக்கு அவர் போடும் பொய்த் தலைப்புகள், கோணல்மாணல் ஓவியங்கள், ஹிட்லர் ஆத்திரத்தில் அனுப்பியதாக அவரே கட்டிய உரையாடல்கள், இவற்றுக்கு நடுவில் நிஜ நாட்குறிப்பு வரிகள். எது நிஜம், எது கட்டியது என்று வெளிவந்த நாளிலேயே சண்டை வந்தது. அவரோ நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பழைய கூட்டாளிகளின் நினைவுகளையும் வைத்து எழுதியதாக, நடந்தவை நிஜம் என்று அடித்துச் சொன்னார். ஹிட்லர் பேசுவது கற்பனை என்பது குழந்தைக்கும் தெரியும். அந்தப் பொய்கள் பக்கத்தில் இருப்பதால்தான், ஒரு நண்பன் செத்த தேதி வெறும் தேதியாக வரும்போது அது உள்ளே இறங்குகிறது. படச் செலவு அதிகம் என்று ஓவியங்களை எடுத்துவிட்டால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். 1972இல் முதல் தொகுதியைப் படமாகவும் எடுத்தார்கள். மில்லிகனாக ஜிம் டேல், மில்லிகனின் அப்பாவாக மில்லிகனே. அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடை போட வேண்டாம்.

ஆங்கிலப் பதிப்பாளரிடம் உரிமை வாங்க வேண்டும், ராயல்டி முன்பணம் கட்ட வேண்டும், தெரியும். மில்லிகன் இறந்தது 2002இல்தான். காப்புரிமை காலாவதியாக நம் பேரன்கள் காலம் ஆகும். நான்கு தொகுதியை ஒரே பதிப்பகம் தாங்காது என்றால் இரண்டு பேர் சேர்ந்து போடுங்கள். முன்பதிவுத் திட்டம் போட்டால் என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இரண்டு பிரதி.

முதல் தொகுதியில் நாற்பது பக்கம் நானே செய்து வைத்திருக்கிறேன். எனக்கு உரிமையும் இல்லை, அனுபவமும் போதாது; உங்கள் மொழிபெயர்ப்பாளர் கிழித்துப் போட்டாலும் வருத்தமில்லை. ஒரே ஒரு இடத்தில் அவருடைய கருத்து எனக்குத் தேவை. தலைப்பில் ஹிட்லருக்கு 'அவர்' போடுவதா, 'அவன்' போடுவதா? ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. 'அவன் வீழ்ச்சி' என்றால் கோபம் வந்துவிடுகிறது, ஜோக் செத்துவிடுகிறது. 'அவர் வீழ்ச்சியில் என் பங்கு' என்றால் கல்யாணப் பத்திரிகை மரியாதை. அதுதான் சரி என்று கை சொல்கிறது. ஆனால் எழுதிவிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும், அந்த ஆளுக்குப் போய் 'ர்' விகுதியா என்று மனசு இடிக்கிறது. மூன்று தடவை அடித்துத் திருத்திவிட்டேன். இப்போதைக்குப் பென்சிலில் 'அவர்' என்று இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை வாங்கிப் படிக்கும் ஒருவன்